கீழ் சிலிண்டரில் தேங்கும் ஆயில்

புரொப்பெல்லரைக் கையால் சுற்றிக்கொண்டிருக்கும்போது பாதியில் முட்டி நிற்கிறது. இன்னும் கொஞ்சம் அழுத்தித் தள்ளலாமா, இல்லை பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி முயலலாமா என்றுதான் புதிதாக வந்தவருக்குத் தோன்றும். ரேடியல் எஞ்சின் விஷயத்தில் இரண்டுமே தவறு. அழுத்தித் தள்ளினால் அந்த இடத்திலேயே எஞ்சின் கெடும். பின்னுக்குச் சுற்றினால் கோளாறு சரியாகிவிட்டதைப் போலத் தெரியும். கெடுவது, எஞ்சினைக் கிளப்பும்போது. இன்டேக் டிரெயின் என்கிற சிறு குழாய் அமைப்பு ஏன் வேண்டும், அதை ஏன் ஒழுங்காகப் பராமரிக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விடை இந்த இரண்டாவது தவறுக்குள் இருக்கிறது.

பேச்சுக்கு ஒரு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். சோவியத் பயிற்சி விமானமான யாக்-52இன் மூக்கில் இருக்கும் எம்-14பி. ஒன்பது சிலிண்டர், 360 குதிரைத்திறன், மொத்தக் கொள்ளளவு பத்து லிட்டருக்குச் சற்று அதிகம். வடிவமைப்பாளர் இவ்செங்கோவின் ஏஐ-14 என்ற 260 குதிரைத்திறன் எஞ்சினிலிருந்து வளர்ந்தது. அதே ஏஐ-14இன் சீனக் கிளைதான் ஹுவோசாய்-6. இலங்கை விமானப்படை திருகோணமலையை அடுத்த சீனக்குடாவில் பயிற்சிக்குப் பயன்படுத்திவரும் பிடி-6 விமானத்தில் இருப்பது இந்த எஞ்சின். ஆக, இங்கே சொல்வது நமக்கு ரொம்பத் தொலைவில் இருக்கும் இயந்திரத்தைப் பற்றி அல்ல.

ரேடியல் எஞ்சினில் சிலிண்டர்கள் கிராங்கைச் சுற்றி வட்டமாக நிற்கும். ஒன்பது சிலிண்டர் என்றால் நாற்பது டிகிரிக்கு ஒன்று. முதல் சிலிண்டர் நேர் உச்சியில் இருப்பதால், ஐந்தாவதும் ஆறாவதும் அடியில் கிட்டத்தட்டத் தலைகீழாகத் தொங்கும். மற்ற எஞ்சின்களில் பிஸ்டனுக்கு மேலே இருக்க வேண்டிய ஹெட், வால்வு, ஸ்பார்க் பிளக் எல்லாம் இந்த இரண்டிலும் கீழே இருக்கும். எஞ்சின் ஓடும்போது இதனால் ஒரு தொல்லையும் இல்லை. நிறுத்திய பிறகுதான் புவியீர்ப்பு வேலையைத் தொடங்குகிறது.

ஆயில் கீழே இறங்க மூன்று வழி உண்டு. ஆயில் தொட்டி எஞ்சினின் நடுக்கோட்டுக்கு மேலே இருந்தால், பம்பின் பற்சக்கர இடைவெளி வழியாகவும், சரியாக அமராத செக் வால்வு வழியாகவும் ஆயில் மெல்ல மெல்லக் கிராங்க் கேஸுக்குள் கசியும். இதைத் தடுக்கவே கீழ் சிலிண்டர்களின் வாய் கிராங்க் கேஸுக்குள் நன்றாக நீட்டிக்கொண்டிருக்கும்; ஓரளவு ஆயில் சேர்ந்தாலும் அந்த விளிம்பைத் தாண்டாது. விளிம்பைத் தாண்டினால் பிஸ்டன் ரிங்குகளின் வெட்டுவாய் வழியாக எரியறைக்குள் போய்ச் சேரும். இரண்டாவது வழி, இன்டேக் வால்வின் தண்டு ஓடும் கைடு. அது தேய்ந்திருந்தால் ராக்கர் பெட்டியில் தங்கிய ஆயில் இன்டேக் குழாய்க்குள் கசியும். மூன்றாவது வழி சூப்பர்சார்ஜர். அதன் விசிறித் தண்டைச் சுற்றியுள்ள சீல் தளர்ந்தால், ஆயில் விசிறி அறைக்குள் புகுந்து, அங்கிருந்து பிரியும் இன்டேக் குழாய்களில் அடியில் இருப்பவற்றைத் தேடிப் போகும்.

இதோடு பெட்ரோலும் சேரும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப பிரைமர் பம்பால் பெட்ரோல் அடிப்பார்கள். எஞ்சின் பிடிக்காவிட்டால் இன்னும் அடிப்பார்கள். ஆவியாகாத பெட்ரோல் சுவரில் இருக்கும் ஆயில் படலத்தையும் கழுவிக்கொண்டு கீழே ஓடும்.

கீழே வந்த ஆயில் எங்கே தங்கும் என்பது எஞ்சின் எந்த நிலையில் நின்றது என்பதைப் பொறுத்தது. எக்சாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றிருந்தால், ஆயில் புகைக்குழாய்க்குள் வடிந்து, மறுநாள் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். பார்க்க அச்சமூட்டினாலும் இது கெடுதல் இல்லாத வழி. இரண்டு வால்வும் மூடியிருந்தால் எரியறையிலேயே நிற்கும். இன்டேக் வால்வு திறந்திருந்தால் இன்டேக் குழாய்க்குள் இறங்கும். மேலேயிருந்து வரும் அந்தக் குழாய் ஹெட்டை ஒட்டி ஒரு முழங்கை வளைவாகத் திரும்புகிறது. சமையலறைத் தொட்டிக்கு அடியில் வளைந்த குழாயில் தண்ணீர் நிற்பதைப் போல, ஆயில் அந்த வளைவில் நிற்கும்.

எரியறையில் நிற்கும் ஆயில் என்ன செய்யும் என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். எம்-14பியின் ஒரு சிலிண்டரில் பிஸ்டன் நகரும் கொள்ளளவு ஏறத்தாழ 1,130 மி.லி. அழுத்த விகிதம் 6.3. அப்படியானால் பிஸ்டன் ஹெட்டை நெருங்கி நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் சுமார் 210 மி.லி. தான். அதில் 100 மி.லி. ஆயில் நின்றால், காற்றுக்கு மிஞ்சுவது பாதி. அந்த ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்த விகிதம் 11 ஆகிவிடும். 150 மி.லி. என்றால் 19க்கு அருகில் போகும். 210ஐத் தாண்டினால் விகிதம் என்ற பேச்சே இல்லை. காற்று சுருங்கும், திரவம் சுருங்காது. பிஸ்டன் மேற்கொண்டு நகர இடமே இருக்காது. இதைத்தான் ஹைட்ராலிக் லாக் என்கிறார்கள். பலரும் கவனிக்காத விஷயம் என்னவென்றால், எஞ்சின் முற்றிலும் இறுகி நின்றால்தான் ஆபத்து என்பதில்லை. எரியறை பாதி நிரம்பிய சிலிண்டர் சுற்றிவிடும், எரியவும் செய்யும். கனெக்டிங் ராடு தாங்க வேண்டிய சுமை மட்டும் பல மடங்காகியிருக்கும்.

கையால் தள்ளி என்ன பெரிதாகக் கெட்டுவிடப்போகிறது என்று கேட்பவர்கள் உண்டு. புரொப்பெல்லரின் நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, 30 கிலோ எடைக்குச் சமமான விசையோடு ஒருவர் பிளேடைத் தள்ளுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எம்-14பியில் கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் புரொப்பெல்லர் 0.658 சுற்றுதான் சுற்றும். எனவே கிராங்குக்குப் போய்ச் சேரும் முறுக்கு விசை அந்த அளவுக்குக் குறையும். ஆனாலும் பிஸ்டன் தன் பாதையின் முடிவுக்கு வர ஐந்து டிகிரி இருக்கும் நிலையில் கணக்குப் போட்டால், ராடின் மேல் விழும் விசை இரண்டரை டன்னுக்கு அருகில் வருகிறது. பாதையின் முடிவில் கிராங்க் எவ்வளவு திரும்பினாலும் பிஸ்டன் நகருவது மயிரிழைதான். நகர்வு குறையக் குறைய விசை பெருகும். நெம்புகோலின் கணக்கு இது, ஆளின் பலத்தைப் பற்றியதல்ல. யாக்-52இல் எஞ்சினைக் கிளப்புவது அழுத்தப்பட்ட காற்று. அது நேரே சிலிண்டர்களுக்குள் பாய்ந்து பிஸ்டனைத் தள்ளும். எங்கே முட்டுகிறது என்று கைக்குத் தெரிவதைப் போல காற்றுக்குத் தெரியாது.

இப்போது அந்த இரண்டாவது தவறுக்கு வருவோம். கீழ் சிலிண்டர் ஒன்றில் ஆயில் நிரம்பி, அழுத்த வீச்சின் நடுவே புரொப்பெல்லர் முட்டிவிட்டது. பின்னுக்குச் சுற்றுகிறார்கள். பிஸ்டன் வந்த வழியே திரும்பிப் பாதையின் மறுமுனைக்குப் போகிறது. மேலும் பின்னுக்குச் சுற்றினால், உறிஞ்சும் வீச்சு தலைகீழாக நடக்கும். அதாவது இன்டேக் வால்வு திறந்திருக்க, பிஸ்டன் ஹெட்டை நோக்கி நகரும். உள்ளே இருக்கும் ஆயில் முழுவதும் அந்தத் திறந்த வால்வு வழியாக இன்டேக் குழாய்க்குள் தள்ளப்படுகிறது. அதன்பின் முன்னுக்குச் சுற்றினால் தடையே இருக்காது. கையால் மெதுவாகச் சுற்றும்போது உறிஞ்சும் வேகம் குறைவு. முழங்கை வளைவில் கிடக்கும் ஆயில் பெரும்பாலும் அங்கேயே கிடக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று கிளப்புகிறார்கள். மேல் சிலிண்டர்கள் பற்றிக்கொண்டு, சில நொடியில் நிமிடத்துக்குப் பல நூறு சுற்று. இன்டேக் குழாயில் காற்று வேகமெடுத்ததும், அந்த ஆயில் ஒரே திரளாகச் சிலிண்டருக்குள் இழுக்கப்படுகிறது. இந்த முறை முட்டுவது மனிதக் கை அல்ல. எரியும் எட்டு சிலிண்டர்களும், சுழலும் புரொப்பெல்லரின் உந்தமும் சேர்ந்து முட்டுகின்றன.

ராடு உடனே உடைந்தால்கூட ஒருவகையில் நல்லது. விமானம் தரையில் இருக்கிறது. பெரும்பாலும் அது சற்று வளைவதோடு நின்றுவிடும். எஞ்சின் கொஞ்சம் இருமிவிட்டுச் சீராக ஓடும். வளைந்த ராடு ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்ந்து, பல மணி நேரப் பறத்தலுக்குப் பிறகு ஆகாயத்தில் வைத்து முறியும். அன்றைக்கு விமானத்தில் இருப்பவர், முதல் நாள் பின்னுக்குச் சுற்றியவராக இருக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சிக் கழகங்களில் ஒரே விமானத்தைப் பலர் ஓட்டுகிறார்கள்.

சரியான வழி ஒன்றுதான். முட்டியதும் கையை எடுத்துவிட வேண்டும். கீழ் சிலிண்டர்களில் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடிய விட வேண்டும். பிறகு இன்டேக் குழாய்களில் தங்கியிருப்பதையும் வடிக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுவதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். பிளக் ஓட்டை வடிப்பது எரியறையை மட்டும்தான். மூடிய வால்வுக்கு அந்தப் பக்கம் குழாயில் கிடப்பதை அது தொடவே தொடாது. இன்டேக் டிரெயின் பிறந்தது இந்த இடைவெளியை அடைக்கத்தான்.

அமைப்பு எளிமையானது. அடியில் இருக்கும் இன்டேக் குழாய்கள் ஒவ்வொன்றின் தாழ்ந்த புள்ளியிலும் மரையிட்ட ஒரு வாய். அதில் வெறும் பிளக் போட்டு, சேஃப்டி வயரால் கட்டி வைத்திருந்தால், கௌலிங்கைக் கழற்றி, வயரை வெட்டி, பிளக்கைத் திருகித்தான் பார்க்க முடியும். தினமும் யார் செய்வார்? அதனால்தான் யாக்-52 வைத்திருப்பவர்களிடையே இன்னொரு ஏற்பாடு பரவியது. அந்த வாய்களிலிருந்து மெல்லிய ஹோஸ்கள் வந்து ஒரே குழாயில் சேரும். அதன் முனையில் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு பால் வால்வு. திறந்தால் ஒரு பாட்டிலில் வடியும். சிலர் ஹோஸ்களை இணைக்காமல், ஒவ்வொரு குழாயிலும் விரலால் அழுத்தித் திறக்கும் ஸ்பிரிங் வால்வைத் தனித்தனியே வைக்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் மேல் என்று படுகிறது. ஹோஸ்களால் இணைத்தால் ஒரு சிலிண்டரின் உறிஞ்சல் இன்னொன்றின் குழாயிலிருந்தும் இழுக்கும். எந்தச் சிலிண்டரிலிருந்து எவ்வளவு ஆயில் வந்தது என்ற தகவலும் கலந்து தொலைந்துவிடும்.

சோவியத் நாட்டில் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாமலே இந்த எஞ்சின்கள் ஓடினவே என்று கேட்கலாம். அங்கே தோசாப் என்ற அமைப்பின் பயிற்சிக் கழகங்களில் இந்த விமானங்களுக்கு ஓய்வு குறைவு. மெக்கானிக்குகள் எப்போதும் கூடவே இருந்தார்கள். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா என்று தனியார் கைக்குப் போன யாக்-52களில் பல, வாரக் கணக்கில் கொட்டகையில் நிற்கின்றன. ஒரு நாளில் சொட்டும் ஆயில் வேறு, மூன்று வாரம் சொட்டும் ஆயில் வேறு.

இனி பராமரிப்பு. முதலில், டிரெயினைத் திறந்து ஒன்றும் வரவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகாது. அடைத்திருக்கலாம். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலின் படிவும், பழைய ஆயிலும், எஞ்சின் சூட்டில் இறுகிய கரியும் சேர்ந்து அந்தச் சிறு வாயில் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆண்டுப் பரிசோதனையின்போது ஃபிட்டிங்கைக் கழற்றி, ஒரு துண்டு சேஃப்டி வயரை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். வயரின் நுனி கறுப்பாகப் பிசுபிசுத்து வந்தால் அந்த டிரெயின் எத்தனை நாளாக வேலை செய்யவில்லையோ, அத்தனை நாளும் அதை நம்பித்தான் எஞ்சினைக் கிளப்பியிருக்கிறார்கள். துளையைச் சுத்தம் செய்யும்போது சுரண்டிய கரி குழாய்க்குள் விழாமல், வெளிப்பக்கமாக வருமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே விழுந்தது வால்வு சீட்டுக்குப் போகும்.

ஹோஸ் தொடக்கம் முதல் முடிவு வரை சரிந்துகொண்டே வர வேண்டும். நடுவில் ஓரிடத்தில் தொய்ந்தாலும் அங்கே இன்னொரு தேக்கம் உருவாகிவிடும். ஹோஸுக்கு அருகிலேயே எக்சாஸ்ட் குழாயும் ஓடுவதால், சூட்டில் ரப்பர் காய்ந்து வெடிக்கும். ஹோஸை வளைத்துப் பார்த்தால் மேல்தோலில் மெல்லிய வெடிப்புகள் தெரியும். தெரிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். ரேடியல் எஞ்சினின் அதிர்வு சாதாரணமானதல்ல. கிளாம்ப் இல்லாமல் தொங்கும் ஹோஸ் எதையாவது உரசிக்கொண்டே இருக்கும், அல்லது தன் எடையால் ஃபிட்டிங்கின் கழுத்தை ஆட்டி ஆட்டி வெடிக்க வைக்கும். ஃபிட்டிங் குழாயோடு சேரும் பற்றவைப்பைச் சுற்றி நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும்.

கசிவை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேச வேண்டும்? ஏனென்றால் இன்டேக் குழாயில் போடும் எந்தத் துளையும் எஞ்சின் மூச்சுவிடும் பாதையில் போடும் துளை. ஐட்லிங்கில் அந்தக் குழாயின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதியளவுதான் இருக்கும்; சிறு இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். கார்புரேட்டருக்குத் தெரியாமல் வந்த காற்று அது. அந்தக் கீழ் சிலிண்டரின் கலவை மட்டும் மெலியும். எஞ்சின் ஐட்லிங்கில் தடுமாறும், சில நேரம் கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடிக்கும். டேக்-ஆஃபில் நிலைமை நேர்மாறு. சூப்பர்சார்ஜர் அழுத்தம் வெளிக்காற்றை மிஞ்சிவிடுவதால் பெட்ரோல் கலவை வெளியே பீச்சும், அதுவும் சூடான எக்சாஸ்டுக்கு அருகில். 100 எல்.எல். பெட்ரோலில் நீலச் சாயம் கலந்திருப்பது இங்கே உதவியாகிறது. ஃபிட்டிங்கைச் சுற்றி நீலக் கறை படிந்திருந்தால் அங்கே கசிகிறது என்று பொருள். கறையைத் துடைத்துவிட்டுப் போவதும் பராமரிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். துடைப்பதற்கு முன் அது எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். இன்டேக் குழாய் விசிறி அறையோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் சீலிலிருந்தும் அதே கறை வழிந்து வரலாம்.

சந்தேகம் தீர ஒரு நல்ல சோதனை உண்டு. வேக்யூம் கிளீனரின் ஊதும் பக்கத்தை கார்புரேட்டர் வாயில் பொருத்தி, த்ராட்டிலைத் திறந்து வைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்றை உள்ளே விடுவார்கள். பிறகு ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால், கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். டிரெயின் வால்வின் வாயிலும் அதே சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்க்க வேண்டும். மூடிய பால் வால்வும் தேய்ந்தால் கசியும்.

அடுத்தது மறதி. இதற்கு மருந்து வால்வில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. டிரெயினைத் திறந்தபடியே எஞ்சினைக் கிளப்புவது நடக்காத காரியமல்ல. கைப்பிடி திறந்திருக்கும்போது கௌலிங்கை மூட முடியாதபடி வால்வை அமைப்பது நல்லது. அது முடியாவிட்டால் திறந்திருக்கும்போது சிவப்பு நாடா தொங்க வேண்டும். சிலர் விமானத்தை நிறுத்தியதிலிருந்து அடுத்த பறத்தல் வரை டிரெயினைத் திறந்தே விடுகிறார்கள். அப்படி விட்டால் சொட்டச் சொட்ட வடிந்துவிடும் என்பது உண்மைதான். வெப்ப நாடுகளில் குளவி அந்த வாயில் மண் கூடு கட்டும் என்பதும் உண்மை. நுனியில் மெல்லிய வலை கட்டினால் இரண்டையும் சமாளிக்கலாம். இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு ஏற்பாடு, தொட்டியிலிருந்து ஆயில் இறங்காமல் தடுக்கும் ஷட்-ஆஃப் வால்வு. ஹைட்ராலிக் லாக்கை அது அருமையாகத் தடுக்கும். ஆனால் அதைத் திறக்க மறந்து கிளப்பினால் எஞ்சின் ஆயிலே இல்லாமல் ஓடி சில நிமிடங்களில் பாழாகும். வால்வு திறக்காதவரை எஞ்சினைக் கிளப்பவிடாத பூட்டு இல்லாமல் அந்த வால்வை யாரும் பொருத்தக்கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அமெரிக்க எஞ்சின்களில் வேறு ஏற்பாடு. பீவர் விமானத்தில் இருக்கும் பிராட் அண்ட் விட்னி ஆர்-985இல் சூப்பர்சார்ஜர் அறையின் அடியில் தானியங்கி டிரெயின் வால்வு ஒன்று உண்டு. எஞ்சின் நிற்கும்போது அதிகப்படி பெட்ரோலை வடித்துவிட்டு, ஓடும்போது தானே மூடிக்கொள்ளும். தானியங்கி என்பதாலேயே அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அழுக்கில் திறந்தபடி சிக்கினால் காற்றுக் கசிவு, மூடியபடி சிக்கினால் பெட்ரோல் தேக்கம். கழற்றிக் கழுவ ஆகும் நேரம் கொஞ்சம்தான்.

வடிந்த ஆயிலைக் கொட்டிவிடாமல் அளவு குறித்த கண்ணாடி பாட்டிலில் பிடித்து, எத்தனை நாள் நின்றது, எவ்வளவு வந்தது என்று எழுதி வைக்கும் மெக்கானிக்கை நான் பெரிதும் மதிப்பேன். எல்லா டிரெயின்களிலும் சேர்ந்து கூடிக்கொண்டே போனால் ஆயில் செக் வால்வையோ சூப்பர்சார்ஜர் சீலையோ பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் கூடினால் அந்தச் சிலிண்டரின் வால்வு கைடைப் பார்க்க வேண்டும். ஆயிலில் பெட்ரோல் வாசனை தூக்கலாக இருந்தால், கிளப்புபவர் பிரைமரை அளவுக்கு மீறி அடிக்கிறார். எஞ்சினைப் பிரிக்காமல் இவ்வளவு தெரிந்துகொள்ள வேறு மலிவான வழி இல்லை.

இதெல்லாம் இருந்தும், நாளின் முதல் பறத்தலுக்கு முன் கையால் சுற்றுவதை விடக்கூடாது. மேக்னெட்டோ அணைந்திருந்தாலும் புரொப்பெல்லரை உயிருள்ளதாகவே நினைத்து, ஓடும் திசையில் மட்டும், மெதுவாக. ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறையாவது அழுத்த வீச்சைக் கடக்க கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். எம்-14பியில் அது புரொப்பெல்லரின் 1.3 சுற்று, இரண்டு பிளேடு என்றால் குறைந்தது மூன்று பிளேடு கைமாற வேண்டும். குழாயில் ஒளிந்திருப்பது மெதுவாகவேனும் உள்ளே வரட்டும் என்று அதைப்போல் சில மடங்கு சுற்றுவது வழக்கம்.

எங்கோ யாரோ அழுத்தித் தள்ளிவிட்டார்கள் என்ற சந்தேகம் வந்தால், எஞ்சின் நன்றாக ஓடுகிறதே என்று விட்டுவிடக்கூடாது. ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஓர் அளவுகோலை விட்டு, ஒவ்வொரு பிஸ்டனும் பாதையின் முடிவில் ஹெட்டுக்கு எவ்வளவு அருகில் வருகிறது என்று அளக்கலாம். வளைந்த ராடு குட்டையாகியிருக்கும். அதன் பிஸ்டன் மற்றவற்றை எட்டாது. ரேடியல் எஞ்சினில் ஒரு தாய் ராடும் அதில் கோத்த துணை ராடுகளும் இருப்பதால் சிலிண்டருக்குச் சிலிண்டர் வீச்சு இயல்பாகவே சிறிது வேறுபடும். எனவே பக்கத்துச் சிலிண்டரோடு மட்டும் ஒப்பிடாமல், அந்தச் சிலிண்டருக்குக் கையேடு சொல்லும் அளவோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் சிலிண்டரைக் கழற்றி ராடை வெளியே எடுத்துப் பார்க்கும் வரை அந்த விமானம் பறக்கக்கூடாது.